சம்பளச் சீட்டிலிருந்து தொடங்கிய மனிதவள வகுப்பு: பன்னிரண்டு சனிக்கிழமைகளின் மதிப்பீடு

கோவையில் ஒரு பயிற்சி நிறுவனம் சனிக்கிழமைதோறும் நடத்தும் மனிதவள மேலாண்மை அடிப்படைகள் சான்றிதழ் வகுப்பை அண்மையில் முடித்தேன். பன்னிரண்டு வாரங்கள், வாரத்துக்கு நான்கு மணி நேரம், கட்டணம் 18,000 ரூபாய். நிறைகளோடு குறைகளையும் எழுதப் போவதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதுபோன்ற வகுப்புகள் இப்போது பல ஊர்களிலும் நடப்பதால், சேருவதற்கு முன் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அறிய விரும்புவோருக்கு இந்த மதிப்பீடு பயன்படும் என்று நம்புகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 140 பேர் வேலை செய்யும் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பத்து ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், வருகைப் பதிவைக் கவனிக்கும் டைம் ஆபீஸைப் பார்த்துவந்தவர் ஓய்வு பெற்றபோது, "ஹெச்.ஆரையும் நீங்களே பார்த்துக்குங்க" என்று முதலாளி சொல்லிவிட்டார். சிறு, நடுத்தர நிறுவனங்களில் இந்தப் பொறுப்புக்கு வருகிறவர்களில் பலரும் இப்படித்தான் வருகிறார்கள். எம்.பி.ஏ. படித்தவர்களுக்கான வகுப்பு எங்களுக்குப் பொருந்துவதில்லை.

முதல் நாள் முன்னுரையோ திரையோ எதுவும் இல்லை. பஞ்சாலைகளில் தொழிலாளர் நல அலுவலராக நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் உள்ளே வந்து, இருபத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சம்பளச் சீட்டின் நகலைக் கொடுத்தார். பெயரும் நிறுவனமும் மறைக்கப்பட்டிருந்தன. "இதில் மூன்று தவறுகள் இருக்கின்றன, கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு அமர்ந்துகொண்டார். அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000 ரூபாய், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) 18 மணி நேரத்துக்கு 975 ரூபாய், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் 1,677 ரூபாய், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் 98 ரூபாய் என்று சீட்டில் இருந்தது. பத்து ஆண்டுகளாகச் சம்பளப் பட்டியல் போட்டுவந்த நான் நாற்பது நிமிடங்களில் ஒரே ஒரு தவறைத்தான் கண்டுபிடித்தேன்.

அந்தச் சீட்டை அவர் பிரித்துக் காட்டிய விதத்துக்காகவே இந்த வகுப்பை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கலாம். 13,000 ரூபாயை 30ஆல் வகுத்து, அதை 8 மணி நேரத்தால் வகுத்து, ஒரு மடங்குக் கூலி போட்டதால்தான் 975 ரூபாய் வந்திருக்கிறது. வார விடுமுறை நீங்கலாக 26 நாட்களால் வகுத்தால் நாள் ஊதியம் 500 ரூபாய், மணிக்கு 62 ரூபாய் 50 காசு. ஓ.டி.க்குச் சட்டப்படி இரண்டு மடங்கு என்பதால் மணிக்கு 125 ரூபாய், 18 மணி நேரத்துக்கு 2,250 ரூபாய் வந்திருக்க வேண்டும். ஒரே மாதத்தில் 1,275 ரூபாய் குறைந்திருக்கிறது. அடுத்தது பி.எஃப். அந்தக் கணக்கில் ஓ.டி. சேராது. 13,000 ரூபாய்க்கு 12 விழுக்காடு 1,560 ரூபாய்தான். ஓ.டி.யையும் சேர்த்துக் கணக்கிட்டதால் 117 ரூபாய் கூடுதலாகப் பிடித்திருக்கிறார்கள்.

மூன்றாவது தவறுதான் வகுப்பையே நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தச் சீட்டு போடப்பட்ட காலத்து விதிப்படி, இ.எஸ்.ஐ.யின் மாத ஊதிய வரம்பான 21,000 ரூபாய்க்குள் ஒருவர் வருகிறாரா என்று பார்க்கும்போது ஓ.டி.யைச் சேர்க்கக் கூடாது, ஆனால் சந்தா பிடிக்கும்போது சேர்க்க வேண்டும். சரியான ஓ.டி.யோடு மொத்தம் 15,250 ரூபாய்க்குத் தொழிலாளியின் பங்கான 0.75 விழுக்காட்டைக் கணக்கிட்டு, பைசாவை மேல்நோக்கி முழுதாக்கினால் 115 ரூபாய். சீட்டில் 98 ரூபாய்தான் பிடித்திருந்தார்கள். "17 ரூபாய் குறைவாகப் பிடித்தது அவருக்கு நல்லதுதானே சார்" என்று ஒருவர் கேட்டார். பயிற்சியாளர் கரும்பலகையில் ஒரு வரி எழுதினார். அந்தத் தொழிலாளி நோயுற்று விடுப்பில் இருந்தால் இ.எஸ்.ஐ. தருகிற நோய்க்கால உதவித்தொகை, சராசரி நாள் ஊதியத்தில் 70 விழுக்காடு. ஊதியத்தைக் குறைத்துக் காட்டினால், அவர் படுத்திருக்கும் நாட்களில் அந்தத் தொகையும் குறையும். நிறுவனம் தன் பங்காகக் கட்டவேண்டிய 3.25 விழுக்காடும் அதே விகிதத்தில் குறைகிறது என்பதை அவர் சொல்லாமலே நாங்கள் கணக்கிட்டுப் பார்த்துக்கொண்டோம்.

மனிதவள மேலாண்மைக்கு இதைவிடச் சரியான தொடக்கத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு மனிதருக்குச் சேர வேண்டியது சரியான தொகையாக, சரியான நாளில், அவரே படித்துப் புரிந்துகொள்ளும் எழுத்தில் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஊக்கம், ஈடுபாடு, நிறுவனப் பண்பாடு என்று நாம் பேசும் எதுவும் தொடங்கும். இந்த வகுப்பு அந்த வரிசையைத் தலைகீழாக்காமல் நடத்தியது.

இரண்டாம் வாரம் வரலாறு. அலுப்பாக இருக்கும் என்று நினைத்துப் போனேன், அப்படி இல்லை. பஞ்சாலைகளில் ஆள் எடுப்பது, விடுப்புக் கொடுப்பது, வேலையை விட்டு நிறுத்துவது எல்லாம் மேஸ்திரியின் கையில் இருந்த காலத்திலிருந்து தொடங்கினார். 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களின் முறையீடுகளில் ஒன்று மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. பின்னர் தொழிலாளர் நிலையை ஆராய 1929இல் அமைக்கப்பட்ட விட்லி ஆணையம், ஆளெடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து எடுத்துத் தொழிலாளர் அலுவலரிடம் கொடுக்கப் பரிந்துரைத்தது. 500 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் கட்டாயம் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. நாம் உட்காரும் நாற்காலி மேஸ்திரியின் தன்னிச்சையைத் தடுப்பதற்காகப் போடப்பட்டது என்று இந்த வரலாறு எனக்குப் புரியவைத்தது. ஒப்பந்ததாரர் கொண்டுவரும் ஆட்களை அவருடைய பொறுப்பிலேயே விட்டுவிடும் இன்றைய வழக்கத்தில் அந்த மேஸ்திரி வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறாரோ என்ற எண்ணமும் எனக்கு வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆளெடுப்புக்கு இரண்டு வாரங்கள் ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் "அனுபவமுள்ளவர் தேவை, தகுதிக்கேற்ற சம்பளம்" என்று ஒரு அட்டையில் எழுதி வாயிலில் தொங்கவிடுவது வழக்கம். அந்த வேலை என்னவென்று ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னால் எழுதத் தெரியாது. பணி விவரம் எழுத எங்களுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் எளிமையானது. ஏதேனும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதைச் செய்பவரின் அருகில் ஒரு முழு ஷிப்ட் இருந்து, அவர் செய்வதையெல்லாம் நேரத்தோடு குறித்துவர வேண்டும். நான் எங்கள் ஸ்டோர் கீப்பருடன் இருந்தேன். பொருளை எடுத்துக் கொடுப்பதுதான் அவருடைய வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் உள்ளே வந்த சரக்குக்கான டெலிவரி சலானைத் தேடுவதிலும், எடை வித்தியாசத்துக்காக லாரி ஓட்டுநர்களோடு பேசி முடிப்பதிலும்தான் அவருடைய காலைப் பொழுது முழுவதும் போனது. அடுத்து அந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது என்ன கேட்க வேண்டும் என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. நேர்காணலில் வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, ஒருவர் முடித்ததும் உடனே மதிப்பெண் போட்டுவிட வேண்டும் என்ற பயிற்சியும் உருப்படியானது. "நமக்குத் தெரிஞ்ச பையன்" என்று வரும் சிபாரிசுக்கு முகம் கொடுத்துப் பதில் சொல்ல, அந்த மதிப்பெண் தாள் ஒரு துணை.

ஐந்தாம், ஆறாம் வாரங்களில் வகுப்பின் தரம் இறங்கியது. பணித்திறன் மதிப்பீடு, ஊக்கம் ஆகிய பாடங்களுக்கு வேறொரு பயிற்சியாளர் வந்தார். நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் திரையில் ஓட்டி, அவற்றில் இருந்ததை அப்படியே வாசித்தார். ஊழியர்களை ஒரு மணி வடிவ வளைவுக்குள் பொருத்தி, இத்தனை பேர் சிறந்தவர்கள், இத்தனை பேர் கடைசி வரிசை என்று கட்டாயமாகப் பிரிக்கும் முறையை நடைமுறையில் உள்ள சிறந்த வழிபோலவே நடத்தினார். மைக்ரோசாஃப்ட் 2013இல் அந்த முறையைக் கைவிட்டது. அடோபி அதற்கு முந்தைய ஆண்டே ஆண்டு மதிப்பெண் முறையை விட்டு, மேலாளரும் ஊழியரும் அடிக்கடி பேசிக்கொள்ளும் முறைக்கு மாறியது. இதை நான் கேட்டபோது, "நேரம் இருந்தால் பார்ப்போம்" என்றார், பார்க்கவில்லை. எட்டுப் பேர் உள்ள, வார்ப்புகளின் பிசிறை நீக்கும் ஒரு ஃபெட்லிங் பிரிவில் ஒருவரைக் கட்டாயமாகக் கடைசி வரிசையில் நிறுத்தினால், அந்த எட்டுப் பேரும் மறுநாள் ஒருவருக்கொருவர் கிரைண்டிங் வீலை மாற்றிக் கொடுப்பார்களா என்பதே எங்களைப் போன்றவர்களின் கேள்வி. அதற்கு அங்கே விடை கிடைக்கவில்லை.

ஊக்கம் பற்றிய பகுதியிலும் இதே குறைதான். மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கும் மாஸ்லோவின் பிரமிடை வரைந்தார், ஹெர்ஸ்பெர்க்கின் இரு காரணிகளைப் பட்டியலிட்டார், முடித்துவிட்டார். ஊதியமும் பணிச்சூழலும் சரியில்லாவிட்டால் மனக்குறை வரும், ஆனால் அவற்றைச் சரிசெய்வதாலேயே வேலையில் ஆர்வம் வந்துவிடாது என்று ஹெர்ஸ்பெர்க் சொன்னதை ஒரு வார்ப்படச் சாலையில் வைத்துப் பார்த்தால் பேசுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. உருக்கு உலைக்கு அருகில் மோர் கொடுப்பது எந்த வகை? தான் வார்த்த பம்ப் உறை எந்த ஊருக்குப் போகிறது என்று, வார்ப்பு அச்சு செய்யும் மோல்டருக்குச் சொல்வது எந்த வகை? வந்திருந்த இருபத்திரண்டு பேரும் இப்படி ஆளுக்கொரு கேள்வியோடு இருந்தோம். எட்டு மணி நேரம் வீணானது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முதல் பயிற்சியாளர் திரும்பி வந்து நடத்திய முறையீட்டு வகுப்பு அந்த வருத்தத்தைப் போக்கியது. அவர் தொழிலாளியாக நடித்தார், என்னை அலுவலராக உட்கார வைத்தார்.

"சார், போன மாசம் மூணு நாள் லீவு போட்டனுங்க. சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனனுங்க. சம்பளத்துல புடிச்சுட்டாங்க."

"லீவ் ஃபார்ம் எழுதிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் அங்கேயே நிறுத்தினார். வந்தவர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார், உட்காரச் சொல்லவில்லை. முதல் கேள்வியிலேயே தவறு அவர்மேல் என்று ஆகிவிட்டது. இனி அவர் விடுப்பைப் பற்றிப் பேச மாட்டார், தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார். மறுபடி செய்யச் சொன்னார். இரண்டாம் முறை, "உட்காருங்க. எந்த மூணு நாளுன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று தொடங்கினேன். அதன் பிறகு பேச்சு முற்றிலும் வேறு திசையில் போனது. அந்த மூன்று நாட்களில் ஒன்று வார விடுமுறை நாள் என்பதும், சூப்பர்வைசர் வாய்மொழியாகக் கொடுத்த அனுமதியை டைம் ஆபீஸுக்குத் தெரிவிக்கவில்லை என்பதும் அவர் வாயிலிருந்தே வெளிவந்தன. முறையீட்டை எழுத்தில் வாங்கி, தேதி போட்டு, எந்த நாளுக்குள் பதில் சொல்லப்படும் என்று அவருக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தனுப்புவதோடு பயிற்சி முடிந்தது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடத்தில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும், அதில் நிர்வாகத்தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்ற சட்ட விதியை அதன் பிறகு சொன்னபோது, அது வெறும் விதியாகப் படவில்லை.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு பற்றி அரை வகுப்புதான் இருந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேர் வேலை செய்தாலே உள்ளகக் குழு கட்டாயம், தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர், புகாருக்கு மூன்று மாதம், விசாரணைக்கு 90 நாள் என்பதையெல்லாம் தெளிவாகச் சொன்னார்கள். ஆனால் விசாரணையை எப்படி நடத்துவது, புகார் கொடுத்தவரின் பெயர் வெளியே கசியாமல் எப்படிக் காப்பது என்பதற்கு ஒரு முழு வகுப்பு தேவை.

பணி விலகல், கணக்கு முடித்தல் பற்றிய வகுப்பும் முதல் வகுப்பைப் போலவே கணக்கோடு நடந்தது. கடைசியாக 18,200 ரூபாய் வாங்கிய ஒருவர் பத்து ஆண்டுகள் வேலை செய்திருந்தால், அதை 26ஆல் வகுத்தால் நாளுக்கு 700 ரூபாய், ஓர் ஆண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியமாக 10,500 ரூபாய், பத்து ஆண்டுக்கு 1,05,000 ரூபாய் பணிக்கொடை (கிராஜுவிட்டி). பணிக்கொடை பெற ஐந்து ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்குப் பொருந்தாது என்பது வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

இனி பெரிய குறைகள் இரண்டு. 29 பழைய தொழிலாளர் சட்டங்களை உள்ளடக்கிய நான்கு புதிய சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. எங்கள் வகுப்பு அதற்குப் பின்தான் தொடங்கியது. ஆனால் கையில் கொடுத்த 210 பக்கப் புத்தகம் முழுக்கப் பழைய சட்டங்களின் பெயரிலும் பிரிவு எண்ணிலும் இருந்தது. இரண்டு பக்க இணைப்புத் தாள் ஒன்றைச் செருகியிருந்தார்கள். எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம், மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் படிகளாகக் காட்டினால் மிகுதி ஊதியக் கணக்கில் சேரும், குறித்த கால ஊழியருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை, விலகியவருக்கு இரண்டு வேலை நாட்களில் கணக்கு முடிப்பு, சம்பளத்தோடு கூடிய விடுப்புக்கு 240 நாட்களுக்குப் பதில் 180 நாள் வேலை போதும் என்று அந்தத் தாளில் இருந்தவை சரியானவைதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு சம்பளப் பட்டியலை எப்படி மாற்றும் என்பதைப் பயிற்சியாக வைத்திருக்க வேண்டும். குறிப்பாக, பி.எஃப். குறையட்டும் என்று அடிப்படை ஊதியத்தைச் சிறிதாக்கிப் படிகளைப் பெரிதாக்கி வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இதுதான் இன்றைய முதல் கேள்வி. 18,000 ரூபாய் கட்டணம் வாங்குகிறவர்கள் புத்தகத்தை மறுபடி அச்சிட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது குறை இதைவிட என்னை உறுத்துகிறது. பன்னிரண்டு வாரங்களில் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் வெளிமாநிலத் தொழிலாளருக்கும் தனியாக ஒரு வகுப்புக்கூட இல்லை. எங்கள் மோல்டிங் பிரிவில் பாதிக்கு மேல் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர்கள். 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி என்று தமிழ்நாடு 1981இலேயே சட்டம் இயற்றியது. அது ஒரே ஒரு வரியில் கடந்துபோனது. அவர்களுடைய பி.எஃப். கணக்கு எண் முந்தைய நிறுவனத்தோடு இணைந்திருக்கிறதா, ஒப்பந்ததாரர் உண்மையிலேயே பணத்தைக் கட்டினாரா, இ.எஸ்.ஐ. அட்டையில் ஊரில் இருக்கும் குடும்பத்தாரின் பெயர் சேர்ந்திருக்கிறதா, சம்பளச் சீட்டை அவர்கள் படிக்கும் மொழியில் கொடுக்கிறோமா என்ற கேள்விகள்தான் நாங்கள் நாள்தோறும் எதிர்கொள்பவை. மேஸ்திரியின் கையிலிருந்து அதிகாரம் எப்படி மாறியது என்று அவ்வளவு அழகாகச் சொன்ன வகுப்பு, இன்று அது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று சொல்லாமல் விட்டது பெரிய இடைவெளி. கருத்துப் படிவத்தில் இதை விரிவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இட வசதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடம் காற்றோட்டமாக இருந்தது, தேநீர் நேரத்துக்கு வந்தது. சான்றிதழுக்கு வேலைச் சந்தையில் பெரிய மதிப்பு இருப்பதாகச் சொல்ல முடியாது. வேலை தேடுவதற்காகச் சேர நினைப்பவர்கள் பல்கலைக்கழகப் பட்டயப் படிப்புகளைப் பார்ப்பது நல்லது. ஏற்கெனவே சம்பளப் பட்டியலையும் வருகைப் பதிவேட்டையும் கையில் வைத்திருப்பவர்களுக்கு இது போட்ட பணத்துக்கு மேலாகவே திருப்பித் தரும்.

முதல் வகுப்பு முடிந்த திங்கட்கிழமை எங்கள் சம்பளப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நாங்களும் ஓ.டி.க்கு 30ஆல்தான் வகுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு மடங்கு போட்டிருந்தோம் என்பதால் அது யார் கண்ணிலும் படவில்லை. 26ஆல் வகுத்தால் வரும் வித்தியாசத்தைக் கணக்கிட்டு முதலாளியிடம் கொண்டுபோனேன். தாளைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "எத்தனை மாசத்துக்கு?" என்று மட்டும் கேட்டார். முந்தைய பன்னிரண்டு மாத நிலுவை அடுத்த சம்பளத்தோடு போய்ச் சேர்ந்தது. இப்போது சீட்டின் பின்புறம் ஓ.டி. கணக்கிடும் முறையைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட்டுக் கொடுக்கிறோம். சீட்டை வாங்கியதும் திருப்பிப் பார்த்து, கைப்பேசியில் தட்டிச் சரிபார்ப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். போன மாதம் அவர்களில் ஒருவர் வந்து, தன் இரண்டு மணி நேரம் விட்டுப்போனதைக் காட்டித் திருத்திக்கொண்டு போனார்.

அடுத்த தொகுதிக்கு இருபத்தைந்து இடங்கள் என்று சொன்னார்கள். சேருவதற்கு முன் ஒரு வகுப்பில் கட்டணமின்றி உட்கார்ந்து பார்க்க அனுமதிக்கிறார்கள். முதல் வாரத்தையே கேட்டு வாங்குங்கள். புத்தகம் புதிய தொகுப்புகளின்படி திருத்தப்பட்டதா, ஒப்பந்தத் தொழிலாளர் பாடம் சேர்ந்ததா என்ற இரண்டையும் வாய்மொழியாக அல்லாமல் பாடத்திட்டத் தாளிலேயே காட்டச் சொல்லுங்கள். போகும்போது உங்கள் நிறுவனத்தின் சம்பளச் சீட்டு ஒன்றையும் பையில் எடுத்துச் செல்லுங்கள்.